ஃப்ரீசாவும் வர்ஜீனியாவும்: ஓர் எண்ணை எப்படிப் படிப்பது

அமெரிக்காவின் வர்ஜீனியா பல்கலைக்கழகக் கூடைப்பந்து அணி, 2018–19 பருவத்தில் ஆட்டத்துக்குச் சராசரியாக 71 புள்ளிகளை ஒட்டித்தான் எடுத்தது. அன்று கல்லூரிக் கூடைப்பந்தின் முதல் பிரிவில் 353 அணிகள் இருந்தன. எடுத்த புள்ளிகளை மட்டும் வைத்து வரிசைப்படுத்தினால் வர்ஜீனியா நடுக்கூட்டத்தில் எங்கோ நிற்கும். ஆனால் அந்த ஆண்டு ஆடிய 38 ஆட்டங்களில் 35இல் வென்றதும், ஏப்ரல் 8ஆம் தேதி தேசியப் பட்டத்தைக் கைப்பற்றியதும் அதே அணிதான்.

எண் பொய் சொல்லவில்லை. 71 என்பது சரியான கணக்குதான். அது எந்தக் கேள்விக்கான விடை என்பதைத்தான் நாம் கவனிப்பதில்லை. இதைப் புதியவர்களுக்கு விளக்க, அனிமேஷன் உலகின் ஒரு வில்லனை விடப் பொருத்தமான துணை எனக்குத் தெரியவில்லை.

டிராகன் பால் இசட் தொடரைப் பார்த்தவர்களுக்கு ஃப்ரீசாவை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். அகிரா தோரியாமாவின் மாங்கா என்ற ஜப்பானியப் படக்கதையிலிருந்து உருவாகி, 1989இல் ஜப்பானில் ஒளிபரப்பாகத் தொடங்கிய தொடர் அது. கோள்களைக் கைப்பற்றி விற்கும் கொடுங்கோலன் ஃப்ரீசா. அவனுடைய வீரர்கள் காதில் ஸ்கவுட்டர் என்ற கருவியை மாட்டியிருப்பார்கள். ஒரு கண்ணுக்கு முன்னால் இருக்கும் கண்ணாடியில், எதிரில் நிற்பவரின் சண்டை வலிமை எண்ணாகத் தெரியும். துப்பாக்கியோடு வரும் ஒரு விவசாயிக்கு அது காட்டும் எண் 5. பிக்கோலோவுக்கு 322, கோக்குவுக்கு 334. பிறகு கதை நமெக் கோளுக்குப் போகும்போது, 42,000 வலிமையுள்ள நெயில் என்ற வீரனிடம் ஃப்ரீசா தன் எண்ணைத் தானே சொல்கிறான்: 5,30,000.

இந்தத் தொடரில் நான் மிகவும் ரசிக்கும் விஷயம், ஸ்கவுட்டரை நம்பியவர்கள் திரும்பத் திரும்ப ஏமாறுவது. கோக்குவும் பிக்கோலோவும் முதலில் உடலில் கனமான ஆடைகளை அணிந்திருக்கிறார்கள். அவற்றைக் கழற்றியதும் 334 என்பது 416 ஆகிறது. 322 என்பது 408 ஆகிறது. ஆள் மாறவில்லை, அளந்த நிலைமைதான் மாறியது. ஃப்ரீசாவின் 5,30,000க்கும் இதே கதைதான். அது அவன் தன் வலிமையை அடக்கி வைத்திருக்கும் முதல் உருவத்தின் எண். அடுத்த உருவத்துக்கு மாறும்போது பத்து லட்சத்தைத் தாண்டிவிட்டதாகச் சொல்கிறான். அதற்கும் மேலே உருவங்கள் இருக்கின்றன. கடைசியில் வெளிப்படுவதுதான் அவனுடைய இயல்பான உடல்.

வர்ஜீனியாவின் 71உம் கனமான ஆடையோடு எடுத்த அளவுதான். அந்த ஆடை, ஆட்டத்தின் வேகம்.

வகுக்க வேண்டிய எண்

கூடைப்பந்தில் ஓர் அணி பந்தைப் பெற்றதிலிருந்து அது எதிரணியின் கைக்குப் போகும் வரை உள்ள நேரத்தை ஒரு வாய்ப்பு என்று வைத்துக்கொள்வோம். கூடையில் போட்டாலும், தவறவிட்டு எதிரணி பிடித்தாலும், பந்தைப் பறிகொடுத்தாலும் வாய்ப்பு முடிந்தது. தவறிய பந்தைத் தன் அணியே மீண்டும் பிடித்துவிட்டால் மட்டும் அதே வாய்ப்பு நீள்கிறது. ஒன்று முடிந்ததும் பந்து அடுத்த அணிக்குப் போவதால், ஓர் ஆட்டத்தில் இரு அணிகளுக்கும் ஏறத்தாழ ஒரே எண்ணிக்கையில்தான் வாய்ப்புகள் கிடைக்கும். அவசரப்பட்டு ஆடினாலும், நிதானமாக ஆடினாலும், எதிரியை விட அதிக முறை பந்தைப் பெற முடியாது.

இந்த ஒரு செய்தி மனத்தில் பதிந்துவிட்டால் கூடைப்பந்துப் புள்ளியியலில் பாதி தூரம் கடந்துவிட்டோம். ஒரே ஆட்டத்தில் இருவருக்கும் வாய்ப்பு சமம் என்றால், வெல்வதற்கு ஒரே வழி, ஒவ்வொரு வாய்ப்பிலும் எதிரியை விட அதிகம் எடுப்பது. எனவே நாம் கேட்க வேண்டியது ஆட்டத்துக்கு எத்தனை புள்ளி என்பதல்ல. வாய்ப்புக்கு எத்தனை புள்ளி என்பது. தசமங்களோடு மல்லுக்கட்ட வேண்டாம் என்பதற்காக அதை நூறு வாய்ப்புகளுக்கு எத்தனை என்று சொல்வது வழக்கம்.

யாரும் வாய்ப்புகளை விரல் விட்டு எண்ணுவதில்லை. ஆட்டம் முடிந்ததும் வெளியாகும் அட்டவணையிலிருந்தே மதிப்பிட்டுவிடலாம். கூடையை நோக்கி எறிந்த முயற்சிகளின் எண்ணிக்கையை எடுத்துக்கொள்ளுங்கள். எறிந்து தவறியபின் தன் அணியே மீட்ட பந்துகளை, அதாவது ரீபவுண்டுகளை, கழியுங்கள். பறிகொடுத்த பந்துகளைக் கூட்டுங்கள். பிறகு ஃப்ரீ த்ரோ, அதாவது எதிரணியின் விதிமீறலுக்காக (ஃபவுலுக்காக) யாரும் தடுக்காமல் எறியக் கிடைக்கும் முயற்சிகளை 0.44ஆல் பெருக்கிக் கூட்டுங்கள். ஏன் 0.44? ஒரு ஃபவுலுக்குப் பெரும்பாலும் இரண்டு ஃப்ரீ த்ரோக்கள் கிடைக்கும். இரண்டும் சேர்ந்துதான் ஒரு வாய்ப்பை முடிக்கின்றன. அப்படிப் பார்த்தால் 0.5 வர வேண்டும். ஆனால் கூடை விழுந்த பிறகு கூடுதலாகக் கிடைக்கும் ஒற்றை எறிதல் போன்றவை புதிய வாய்ப்பைச் செலவழிப்பதில்லை. அதனால் பெருக்கும் எண் சற்று இறங்குகிறது. தொழில்முறை ஆட்டங்களுக்கு 0.44 பொருந்துகிறது, கல்லூரி ஆட்டங்களுக்குச் சிலர் சற்றுக் கூடுதலான எண்ணைப் பயன்படுத்துகிறார்கள். நமக்கு 0.44 போதும்.

இரண்டு கற்பனை அணிகளை எடுத்துக்கொள்வோம். இரண்டும் வெவ்வேறு எதிரிகளோடு ஆடியவை. நிதானமான அணி 52 முறை எறிந்தது. தன் தவறுகளில் 8 பந்துகளை மீட்டது. 8 பந்துகளைப் பறிகொடுத்தது. 16 ஃப்ரீ த்ரோ எறிந்தது. 52இல் 8 கழித்து, 8 கூட்டி, 7.04 சேர்த்தால் 59 வாய்ப்புகள். எடுத்த புள்ளிகள் 68. வேகமான அணி 68 முறை எறிந்து, 11 மீட்டு, 14 பறிகொடுத்து, 18 ஃப்ரீ த்ரோ எறிந்தது. அதன் வாய்ப்புகள் 79. எடுத்தது 81 புள்ளிகள். மறுநாள் செய்தியில் 81 என்ற எண்தான் கண்ணில் படும். வகுத்துப் பாருங்கள்: நிதானமான அணி நூறு வாய்ப்புகளுக்கு 115, வேகமான அணி 103. இடைவெளி 12 புள்ளிகள், அதுவும் எதிர்த்திசையில்.

இப்போது உண்மையான வர்ஜீனியாவுக்கு வருவோம். கல்லூரி அணிகளை வாய்ப்பு அடிப்படையில் மதிப்பிடுவதில் பெயர் பெற்றவர் கென் பொமராய். அவருடைய கணக்கில் ஒவ்வோர் எதிரியின் பலத்துக்கும் ஏற்ப எண்கள் திருத்தப்படுகின்றன. எளிய எதிரியிடம் குவித்த புள்ளிக்கும் கடினமான எதிரியிடம் போராடிப் பெற்ற புள்ளிக்கும் ஒரே மதிப்பைத் தருவது நியாயமில்லை அல்லவா? அந்தக் கணக்கின்படி 2018–19இல் வர்ஜீனியாவின் வேகம் ஓர் ஆட்டத்துக்கு 59.4 வாய்ப்புகள். 353 அணிகளில் 353ஆம் இடம், அதாவது நாட்டிலேயே மிக மெதுவான அணி. தாக்குதலில் நூறு வாய்ப்புகளுக்கு 123.4 புள்ளிகள். அது இரண்டாம் இடம். தற்காப்பில் நூறு வாய்ப்புகளுக்கு 89.2 புள்ளிகள் மட்டுமே விட்டுக்கொடுத்து ஐந்தாம் இடம்.

நடுக்கூட்டத்தில் நின்றதாகத் தோன்றிய தாக்குதல், வகுத்தவுடன் இரண்டாம் இடத்துக்கு வந்துவிட்டது. கனமான ஆடையைக் கழற்றியபோது ஸ்கவுட்டர் காட்டியதை விட இது பெரிய தாவல்.

ஒழுங்கு என்பதை எப்படி எண்ணுவது?

வர்ஜீனியாவை "ஒழுங்கான அணி" என்று எல்லோரும் சொல்வார்கள். இந்தச் சொல்லைக் கேட்டால், விறைப்பாக நின்று பயிற்சியாளருக்குத் தலையாட்டும் வீரர்கள் நினைவுக்கு வரலாம். களத்தில் ஒழுங்கு என்பது அளக்கக்கூடிய ஒன்று. அளவுகோலைத் தந்தவர் டீன் ஆலிவர். ஓர் அணியின் வெற்றியைத் தீர்மானிப்பவை நான்கு என்றார் அவர்: எறிவது எவ்வளவு சரியாக விழுகிறது, எத்தனை வாய்ப்புகளில் பந்தைப் பறிகொடுக்கிறது, தவறிய பந்துகளில் எத்தனையை மீட்கிறது, ஃப்ரீ த்ரோவால் எவ்வளவு சேர்க்கிறது. முக்கியத்துவத்தில் இவற்றுக்கு அவர் தந்த தோராயமான பங்கு முறையே 40, 25, 20, 15 சதவீதம்.

முதலாவதில் ஒரு சிறிய நுட்பம் இருக்கிறது. தொலைவிலுள்ள கோட்டுக்கு வெளியிலிருந்து எறியும் மூன்று புள்ளி எறிதல் ஒன்று விழுந்தால், இரண்டு புள்ளி தரும் சாதாரண எறிதல் ஒன்றரை விழுந்ததற்குச் சமம். எனவே விழுந்த எண்ணிக்கையோடு, மூன்று புள்ளி எறிதல்களில் பாதியைக் கூட்டிய பிறகே முயற்சிகளால் வகுக்க வேண்டும். நம் கற்பனையில் நிதானமான அணி 52இல் 24 போட்டது. அவற்றில் 8 மூன்று புள்ளி எறிதல்கள். 24உடன் 4 சேர்த்து 52ஆல் வகுத்தால் 53.8 சதவீதம். வேகமான அணி 68இல் 29 போட்டது. அவற்றில் 9 மூன்று புள்ளி. 33.5ஐ 68ஆல் வகுத்தால் 49.3. பறிகொடுத்த பந்துகளையும் வாய்ப்பால் வகுங்கள். ஒன்றுக்கு 13.6 சதவீதம், மற்றதற்கு 17.7. புள்ளிக் கணக்கில் பின்தங்கியிருந்த அணி ஏன் உண்மையில் மேலானது என்பதற்கான காரணம் இந்த இரண்டு வரிகளிலேயே கிடைத்துவிட்டது.

வர்ஜீனியாவின் பயிற்சியாளராக இருந்த டோனி பென்னட், தன் தந்தை டிக் பென்னட் உருவாக்கிய 'பேக் லைன்' தற்காப்பைக் கையாண்டார். பந்து வைத்திருப்பவரை ஒருவர் மட்டும் நெருக்குவார். மற்ற நால்வரும் கூடையைச் சுற்றி, மூன்று புள்ளிக் கோட்டுக்கு உள்ளே, ஒரு கற்பனைக் கோட்டைத் தாண்டாமல் நிற்பார்கள். பந்தோடு உள்ளே பாய நினைக்கும் ஆட்டக்காரருக்கு இடைவெளியே கிடைக்காது. எதிரணி வெளியிலேயே பந்தைச் சுற்றிச் சுற்றிக் கடத்தும். எறிவதற்குத் தரப்படும் 30 வினாடிகள் (ஷாட் கிளாக்) கரையும். கடைசியில் அவசரமாக, கடினமான இடத்திலிருந்து எறியும். நான்கு அளவுகளில் முதலாவதை எதிரிக்குச் சரிய வைக்கும் உத்தி இது. அத்துடன், வர்ஜீனியா எறிந்து தவறினால் அதன் வீரர்கள் கூட்டமாக ரீபவுண்டுக்குப் பாய்வதை விடத் தன் கூடையைக் காக்கத் திரும்பி ஓடுவதற்கே முதலிடம் தந்தார்கள். எதிரிக்கு எளிய புள்ளிகள் கிடைக்கக் கூடாது என்பதற்காக மூன்றாவது அளவில் ஒரு பகுதியை அவர்கள் மனமறிந்து விட்டுக்கொடுத்தார்கள். எதை விட்டுக்கொடுக்கிறோம் என்று தெரிந்து விட்டுக்கொடுப்பதைத்தான் நான் ஒழுங்கு என்பேன்.

இதைச் சலிப்பூட்டும் ஆட்டம் என்று ஏராளமானோர் சொன்னார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. எதிரிகளின் பார்வையில் இந்த அணி வில்லனாகத் தெரிந்தது என்றால் ஒப்புக்கொள்வேன். ஃப்ரீசா சண்டையில் கத்திக் கூச்சலிடுபவன் அல்ல; மரியாதையான சொற்களில் பேசிக்கொண்டே, தேவைக்கு மேல் ஒரு துளி வலிமையும் காட்டாமல், எதிரியின் வழிகளை ஒவ்வொன்றாக அடைப்பவன். வர்ஜீனியாவிடம் சிக்கிய அணிகளின் முகத்திலும் அந்த மூச்சுத்திணறல் தெரியும். 2019 தேசியப் போட்டித்தொடரில் ஆரிகன் அணியை அது வென்ற கணக்கு 53–49. நாற்பது நிமிடங்கள் ஆடிய ஆரிகன் ஐம்பதைத் தொடவில்லை.

விலகலை அளப்பது: ஒரு பொறி

சரி, கூடைப்பந்து அணியையும் அனிமேஷன் வில்லனையும் ஒரே தராசில் வைக்க முடியுமா? ஒன்றின் அலகு வாய்ப்புகள். மற்றொன்றின் அலகு ஸ்கவுட்டர் எண். அலகு வேறானவற்றை ஒப்பிடப் புள்ளியியலில் எல்லோரும் முதலில் கற்கும் கருவி இசட் மதிப்பு. சராசரியிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறது என்று கழித்துப் பார்க்க வேண்டும். அந்தக் கூட்டம் பொதுவாக எவ்வளவு சிதறியிருக்கிறது என்பதைச் சொல்லும் திட்ட விலக்கத்தால் அதை வகுக்க வேண்டும். அலகுகள் அடிபட்டுப் போய், "எத்தனை சிதறல் தொலைவு" என்ற வெறும் எண் மிஞ்சும்.

வர்ஜீனியாவின் வேகத்துக்குப் போட்டுப் பார்ப்போம். அந்தப் பருவத்தில் அணிகளின் சராசரி வேகம் 70 வாய்ப்புகளுக்குச் சற்றுக் குறைவு. 69 என்று கொள்வோம். திட்ட விலக்கத்தைக் கணக்கின் வசதிக்காக 3 என்று வைத்துக்கொள்வோம். 59.4இல் 69ஐக் கழித்தால் மைனஸ் 9.6. மூன்றால் வகுத்தால் மைனஸ் 3.2. மிக அரிதான தொலைவு இது.

அடுத்து ஃப்ரீசா. தொடரில் வரும் ஏழு எண்களை எடுக்கிறேன்: விவசாயி 5, பிக்கோலோ 322, கோக்கு 334, மண்ணில் விதைத்து முளைக்க வைக்கும் சைபாமேன் 1,200, நமெக்கில் வெஜிட்டா 24,000, நெயில் 42,000, ஃப்ரீசா 5,30,000. சராசரி சுமார் 85,400. இதைக் கண்டதுமே ஒரு கேள்வி எழ வேண்டும். ஏழு பேரில் ஆறு பேர் சராசரிக்குக் கீழே இருக்கிறார்கள். இரண்டாம் இடத்தில் இருக்கும் நெயிலே அதில் பாதியைத்தான் தொடுகிறான். நடுவில் நிற்பவரின் மதிப்பான இடைநிலையோ வெறும் 1,200. ஒரே ஒருவன் சராசரியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு போய்விட்டான்.

இழுத்தது சராசரியை மட்டுமல்ல. திட்ட விலக்கமும் சுமார் 1,82,000 ஆகிவிட்டது. எனவே ஃப்ரீசாவின் இசட் மதிப்பு 2.44 மட்டுமே. வர்ஜீனியாவின் மெதுவான ஆட்டம் ஃப்ரீசாவின் வலிமையை விட அரிது என்று இதற்குப் பொருளா? இல்லை. இங்கேதான் பொறி இருக்கிறது. ஃப்ரீசாவின் எண்ணை நூறு மடங்காக்கி 5,30,00,000 என்று போட்டுப் பாருங்கள். இசட் மதிப்பு 2.45 ஆகும், அவ்வளவுதான். கோடி கோடியாக ஏற்றினாலும் அதைத் தாண்டாது. ஏழு பேர் கொண்ட கூட்டத்தில், இப்படிக் கணக்கிட்ட எவருடைய இசட் மதிப்பும் 6இன் வர்க்கமூலத்தை, அதாவது சுமார் 2.45ஐ, மீற முடியாது என்பது கணிதம் விதிக்கும் எல்லை. தனியாகத் துருத்தி நிற்பவர், தன்னை அளக்கும் அளவுகோலையே நீட்டிவிடுகிறார். கூட்டம் 353 பேராக இருந்தால் அந்த எல்லை 18ஐத் தாண்டி எங்கோ போய்விடும். நமக்குத் தொந்தரவு தராது. சிறிய கூட்டத்தில் இசட் மதிப்பைப் போட்டுவிட்டு முடிவுக்குத் தாவும் பழக்கம் மிகப் பரவலானது. தொடக்கத்திலேயே இதைத் தெரிந்துகொள்வது நல்லது.

ஸ்கவுட்டர் எண்களைக் கழித்துப் பார்ப்பதே பொருத்தமில்லை என்பதும் கவனிக்க வேண்டியது. அவை மடங்குகளில் வளர்கின்றன. நெயிலுக்கும் ஃப்ரீசாவுக்கும் உள்ள இடைவெளி சுமார் 12.6 மடங்கு. விவசாயிக்கும் பிக்கோலோவுக்கும் இடையே 64 மடங்கு! கழித்தால் 317தான் வரும். வகுத்தால்தான் அந்த விவசாயி எவ்வளவு ஆதரவற்று நின்றார் என்பது புலப்படும். இப்படிப்பட்ட எண்களுக்கு மடக்கை (லாகரிதம்) எடுத்துவிட்டுப் பிறகு சராசரி, விலக்கம் எல்லாம் கணக்கிடுவதுதான் முறை. கூடைப்பந்து அணிகளின் வேகமோ சராசரியைச் சுற்றி இருபுறமும் ஏறத்தாழ சமமாகச் சிதறுகிறது. அங்கே கழித்தல் போதும்.

ஆக, ஒப்புமை நிற்கும் இடம் இசட் மதிப்பில் இல்லை. வெளியே தெரியும் எண், உள்ளே இருக்கும் வலிமையைக் குறைத்துக் காட்டுகிறது என்பதில்தான் இருவரும் ஒன்றுபடுகிறார்கள்.

ஒப்புமை உடையும் இடம்

42,000 வலிமையுள்ள நெயிலுக்கு 5,30,000 வலிமையுள்ள ஃப்ரீசாவிடம் வாய்ப்பே இல்லை. நூறு முறை மோதினாலும் நூறு முறையும் ஃப்ரீசாதான். கூடைப்பந்தில் அப்படி இல்லை. இதை உலகுக்குக் காட்டியதும் வர்ஜீனியாதான்.

பட்டம் வெல்வதற்கு முந்தைய பருவம். 2018 மார்ச் 16. வர்ஜீனியா நாட்டின் முதல்நிலை அணி. போட்டித்தொடருக்கு வரும்போது 31 வெற்றி, 2 தோல்வி. எதிரே யு.எம்.பி.சி. எனப்படும் மேரிலாந்து பல்கலைக்கழகத்தின் பால்டிமோர் கவுண்டி அணி. போட்டித்தொடரின் ஒவ்வொரு பிரிவிலும் அணிகளைப் பலத்தின்படி அடுக்கும் வரிசையில் கடைசியான பதினாறாம் நிலை. ஆண்களுக்கான போட்டித்தொடர் 1985இல் 64 அணிகளாக விரிந்த நாளிலிருந்து, முதல்நிலை அணிகள் பதினாறாம் நிலை அணிகளோடு மோதிய 135 ஆட்டங்களிலும் முதல்நிலை அணிகளே வென்றிருந்தன. அன்று யு.எம்.பி.சி. 74–54 என்று வென்றது. இடைவேளையில் கணக்கு 21–21. இரண்டாம் பாதியில் மட்டும் யு.எம்.பி.சி. 53 புள்ளிகள் எடுத்தது.

மெதுவாக ஆடியதால்தான் வர்ஜீனியா தோற்றது என்று அப்போது பலர் சொன்னார்கள். அதில் ஒரு கணித உண்மை இருக்கிறது. ஓர் அணி ஒவ்வொரு வாய்ப்பிலும் எதிரியை விடச் சராசரியாக 0.15 புள்ளி மேலானது என்று கொள்வோம். இரு அணிகளும் ஆளுக்கொரு வாய்ப்பு ஆடும் ஒவ்வொரு சுற்றிலும் அவற்றின் புள்ளி வித்தியாசம் 1.6 என்ற திட்ட விலக்கத்தோடு சிதறுகிறது என்றும் கொள்வோம். வாய்ப்புகள் கூடக் கூட, எதிர்பார்க்கும் முன்னிலை நேராக வளரும். சிதறலோ வர்க்கமூலத்தின் வேகத்தில்தான் வளரும். 75 வாய்ப்புகளில் எதிர்பார்க்கும் முன்னிலை 11.25, சிதறல் 13.9, வெல்லும் நிகழ்தகவு 79 சதவீதம். 60 வாய்ப்புகளில் முன்னிலை 9, சிதறல் 12.4, நிகழ்தகவு 77 சதவீதம். ஆட்டம் குறுகினால் பலமானவருக்கு நஷ்டம் என்பது உண்மைதான். ஆனால் அந்த நஷ்டம் இரண்டு சதவீதம். ஒரு பேரதிர்ச்சியை அதன் தலையில் சுமத்த முடியாது. திசை சரியாக இருக்கும் ஒரு காரணத்துக்கு அளவு போதுமா என்று கேட்காமல் விட்டுவிடுவது, விளையாட்டு விமர்சனங்களில் அடிக்கடி நடக்கிறது.

அளவு போதுமான காரணம் வேறிடத்தில் இருக்கிறது. யு.எம்.பி.சி. அன்று மூன்று புள்ளிக் கோட்டுக்கு வெளியிலிருந்து 24 முறை எறிந்து 12 போட்டது. வர்ஜீனியா 22 முறை எறிந்து 4 போட்டது. முதலாவதில் 36 புள்ளிகள், இரண்டாவதில் 12. இந்த எறிதல்களை ஒதுக்கிவிட்டு மீதியைக் கூட்டுங்கள்: வர்ஜீனியா 42, யு.எம்.பி.சி. 38. இருபது புள்ளித் தோல்வி முழுவதும், அதற்கு மேலும் நான்கு புள்ளிகளும், அந்தக் கோட்டுக்கு வெளியே நடந்தது.

இரு அணிகளும் இயல்பாக மூன்று புள்ளி எறிதல்களில் 35 சதவீதம் போடுபவை என்று வைத்துக்கொண்டால், 22இல் நான்கோ அதற்குக் குறைவோ விழ நூறில் ஏழு முறை வாய்ப்புண்டு. 24இல் பன்னிரண்டோ அதற்கு மேலோ விழ நூறில் ஒன்பது முறை. தனித்தனியே பார்த்தால் ஒவ்வொன்றும் ஒரு பருவத்தில் சில முறை நடக்கக்கூடியவை. இரண்டும் ஒரே மாலையில் சேர்வதுதான் அரிது. பெருக்கினால் ஆயிரத்தில் ஆறேழு முறை. இந்தக் கணக்கு ஒவ்வோர் எறிதலும் மற்றதைச் சாராதது என்று நம்புகிறது. பின்தங்கிய அணி பதறி எறிவதையும், அந்த ஆண்டு வர்ஜீனியாவின் டிஆண்ட்ரே ஹண்டர் மணிக்கட்டு முறிந்து வெளியே உட்கார்ந்திருந்ததையும் அது அறியாது. யு.எம்.பி.சி. வீரர்கள் அன்று அச்சமின்றி, அருமையாக ஆடினார்கள் என்பதையும் அதனால் சொல்ல முடியாது. ஆனாலும் ஒரே ஆட்டத்தின் முடிவை அணியின் வலிமை என்று எடுத்துக்கொள்ளக் கூடாது என்பதை அது தெளிவாகக் காட்டுகிறது. ஓர் ஆட்டம் ஒரு மாதிரி மட்டுமே. ஃப்ரீசாவின் வலிமை கதாசிரியர் எழுதிய எண். வர்ஜீனியாவின் 123.4 இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட வாய்ப்புகளின் சராசரி. ஒவ்வோர் இரவும் அதன் இருபுறமும் ஊசலாடும்.

மறு ஆண்டு அதே ஊசல் மறுபக்கம் போனது. பர்டூ அணிக்கு எதிராக, நேரம் முடியும் கணத்தில் மமாடி டியாகிடே எறிந்த பந்து விழுந்து ஆட்டம் சமனாகி, கூடுதல் நேரத்தில் 80–75 என்று வர்ஜீனியா வென்றது. அரையிறுதியில் ஆபர்ன் அணியை விட இரண்டு புள்ளி பின்தங்கியிருந்தபோது, 0.6 வினாடி மீதமிருக்க ஃபவுல் கிடைத்தது. கைல் கை மூன்று ஃப்ரீ த்ரோக்களையும் போட்டார், 63–62. இறுதிப் போட்டியில் டெக்சஸ் டெக் அணியோடு 68–68 என்று சமன். மீண்டும் கூடுதல் நேரம்.

கூடுதல் நேரம் ஐந்து நிமிடம். வர்ஜீனியாவின் வேகத்தில் ஓர் அணிக்கு ஏழெட்டு வாய்ப்புகள் கிடைக்கும். மேலே போட்ட அதே கணக்கில் 8 வாய்ப்புகளை வையுங்கள். எதிர்பார்க்கும் முன்னிலை 1.2 புள்ளி, சிதறல் 4.5. வெல்லும் நிகழ்தகவு 60 சதவீதம்தான். எதிரி டெக்சஸ் டெக் போன்ற பலமான அணி என்றால் 0.15 என்ற மேன்மையும் இருக்காது. நாணயம் சுண்டுவதற்கு மிக அருகில் வந்துவிடுகிறோம். அந்த ஐந்து நிமிடங்களில் டெக்சஸ் டெக் 9 புள்ளிகள் எடுத்தது. வர்ஜீனியா 17 எடுத்தது. அந்தப் பதினேழில் ஒன்று ஹண்டரின் மூன்று புள்ளி எறிதல், ஒன்று சாதாரண எறிதல். மீதிப் பன்னிரண்டும் ஃப்ரீ த்ரோக்கள்: பன்னிரண்டு எறிந்து பன்னிரண்டும் உள்ளே. டீன் ஆலிவரின் நான்கில் மிகக் குறைந்த பங்கு தரப்பட்ட அளவு, அன்றைய இரவின் கடைசி ஐந்து நிமிடங்களில் பட்டத்தைத் தீர்மானித்தது.